பெர்ஷியாக்காரன் வீட்டுப் பிடியரிசி

நான் கல்யாணம் ஆகி வந்த வீட்டுக்குப் பத்து சென்ட் நிலம் சொந்தமாக இருந்தது. சொந்தமாகி அதிக நாள் ஆகவில்லை. அதற்கு முன்பு மாமனாரும் மாமியும் பாறசாலைக்குக் கிழக்கே ஒரு பெரிய வீட்டுத் தோட்டத்தின் மூலையில் குடிகிடப்பாக இருந்தவர்கள். இரு என்றால் இருக்கவேண்டும், போ என்றால் போகவேண்டும். பிறகு கேரளத்தில் நிலச்சட்டம் வந்தது. குடிசையைச் சுற்றிப் பத்து சென்ட் அளந்து, மூலைக்கு மூலை கல் நட்டுப் பட்டயம் கொடுத்தார்கள். மாமனார் சாகும்வரை காலையில் எழுந்ததும் அந்தக் கல்லைப் போய்த் தொட்டுப் பார்ப்பாராம்.

நான் வரும்போது அந்தச் சந்தோஷம் தீர்ந்திருந்தது. நிலத்தை விட்டுக்கொடுக்க வேண்டிவந்த பெரிய வீட்டுக்காரர்கள் அதற்குப் பிறகு எங்களை வேலைக்குக் கூப்பிடவில்லை. முன்பெல்லாம் அறுப்புக்குப் போனால் நெல் கிடைக்கும். கூரைக்கு ஓலை தருவார்கள். தோட்டத்தில் விழுந்து கிடக்கிற மட்டையையும் கொதும்பையும் அடுப்புக்குப் பொறுக்கிக்கொள்ளலாம். இப்போது நடுவில் முள்வேலி. பத்து சென்ட் எங்களுடையது. பதினோராவது சென்ட்டில் கிடக்கிற காய்ந்த மட்டையைத் தொட முடியாது.

எனக்குப் பயம் கூடப் பிறந்தது. ஆறாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள், தம்பிகளைப் பார்க்க ஆள் வேண்டும் என்று. அன்று முதல் ஒரு வேளை சாப்பிடும்போதே அடுத்த வேளைக்கு என்ன என்று நினைத்துத்தான் சாப்பிட்டிருக்கிறேன். அதனால் எதுவும் ருசித்ததில்லை. “நீ சிரிக்கியது கண்டா, அழப்போற மாதிரியாக்கும் இருக்கு பிள்ளே” என்று மாமி சொல்வார்.

என் வீட்டுக்காரர் கொத்தனார். ஊரில் அப்போது வீடு கட்டுகிறவர்கள் என்றால் பெர்ஷியாவுக்கு ஆள் போன வீட்டுக்காரர்கள்தான். வளைகுடா என்றெல்லாம் யாருக்கும் வாயில் வராது, எல்லாம் பெர்ஷியாதான். அந்த வீடுகளுக்குச் சுவர் வைத்துவிட்டு வந்து, ஒழுகுகிற எங்கள் கூரைக்குக் கீழே படுத்துக்கொண்டு சொல்வார், “நான் வைக்கிய சுவருக்குள்ள எவனோ கிடந்து ஒறங்குதான்.” கடைசியில் அவரும் புறப்பட்டார். என் சங்கிலி போயிற்று. பத்து சென்ட்டில் நின்ற இரண்டு அயினி மரமும் போயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் அவருக்காகப் போதகர் ஜெபம் செய்தார். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். 

அவர் போன சூட்டோடு நாத்தனாருக்கு வரன் வந்தது. காரோடு ஊர்ப் பக்கத்துப் பையன், பனச்சமூட்டில் சைக்கிள் கடையில் வேலை. பையனின் தாய் விதவை. பேச்சு முடிக்க வந்தபோது அவள் தெளிவாகச் சொன்னாள், “எங்களுக்குப் பொன்னு வேண்டாம், ரூவா வேண்டாம். பிள்ளைக்க அண்ணன் எனக்க மோனுக்கு ஒரு விசா எடுத்துக் குடுத்தாப் போரும்.”

மாமிக்கு வாயெல்லாம் பல். “ஓ, அதுக்கென்ன. அவன் எடுத்துப்போடுவான்.”

நாத்தனாருக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. அதை அவள் சொல்லவில்லை. ஆனால் சைக்கிள் மணி கேட்டால் கையில் இருக்கிறதைப் போட்டுவிட்டு வேலிப்பக்கம் போய்விடுவாள். எங்கள் வழியாகப் போகிற சைக்கிளெல்லாம் மீன்காரருடையது. “மைனி, மீன்காரர் வந்தாரான்னு பாத்தேன்” என்பாள். மீன் வாங்கக் காசு இல்லாத வீட்டில்.

பிறகு ஒரு நாள், அவரோடு அங்கே ஒரே அறையில் இருக்கிற ஒருவர் லீவில் வந்தார். என் வீட்டுக்காரர் கொடுத்துவிட்டதாக ஒரு பொதி கொண்டுவந்தார். ஒரு டார்ச், ஒரு செண்டுக் குப்பி, தங்கைக்கு ஒரு நைலக்ஸ் புடவை. எல்லாவற்றையும் மாமி முற்றத்தில் பாயில் பரத்தி வைத்தார், போகிறவர் வருகிறவர் பார்க்கட்டும் என்று. வந்தவர் புறப்படும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அக்கா, அவனுக்குச் சம்பளம் இப்பம் கையில கிட்டாது கேட்டியளா. விசா கொண்டுவந்த ஆளு ஒரு வருஷத்துச் சம்பளம் முழுக்கப் பிடிப்பான்.”

“எங்கிட்ட அப்படி ஒண்ணும் சொல்லலியே.”

“அவனுக்கே அங்க வந்து எறங்கினப்பெறகுதானே தெரியும். இந்தச் சாதனமெல்லாம் நாங்க நாலு பேரு சேந்து வாங்கினதாக்கும். வெறுங்கையா வரப்பிடாதே.”

நான் மாமியிடமும் நாத்தனாரிடமும் சொன்னேன். மாமி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். பிறகு, “இது நம்ம மூணு பேருக்கும் மேல போகப்பிடாது. கலியாணம் கழியட்டு. அதுக்குப் பெறகு என்ன வந்தாலும் வரட்டு” என்றார்.

எனக்கு அன்று முதல் இருந்தது அந்த ஒரு பயம்தான். கல்யாணம் முடியும்வரை எங்கள் வீட்டில் பட்டினி என்று யாரும் அறியக்கூடாது. அறிந்தால் விசா இல்லை என்று அறிவார்கள். விசா இல்லையென்றால் கல்யாணம் இல்லை.

ஒளிந்து பட்டினி கிடப்பது சாதாரணப் பட்டினியைவிடச் செலவு பிடித்த காரியம். நான் கூலிக்குப் போனால் கூலி இல்லை. மரச்சீனிக்கு, அதுதான் மரவள்ளிக்கிழங்குக்கு, மண் வெட்டிப்போட ஆள் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டுப் போனேன். தோட்டத்துக்காரர் சிரித்தார். “நீ என்னத்துக்கு மண்ணில எறங்குதா? பெர்ஷியாக்காரன் பெண்டாட்டிக்குக் கூலி குடுத்தா எனக்க கை பொள்ளிப்போவும்.” கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, சும்மா வந்தேன் என்று சொல்லித் திரும்பினேன். நாத்தனாரை அண்டியாபீசுக்கு, அதுதான் முந்திரிக்கொட்டை உடைக்கிற கம்பெனிக்கு, அனுப்பவும் வழியில்லை. அண்ணன் பெர்ஷியாவில் இருக்க, கல்யாணம் பேசின பெண் அண்டி தல்லப் போனால் அதைவிட வேறு விளம்பரம் வேண்டாம்.

எங்கள் நிலத்தில் மரச்சீனி இருந்தது. காலையில் கிழங்கு, மத்தியானம் கிழங்கு, இரவில் இருந்தால் கிழங்கு. முளகு உடைத்து உப்போடு தொட்டுக்கொள்வோம். கோழி முட்டை விற்ற காசில் உப்பும் மண்ணெண்ணெயும் வாங்குவேன். இப்படியே சமாளித்திருக்கலாம். ஆனால் பிடியரிசி இருந்ததே.

எங்கள் சபையில் பழைய காலம் தொட்டுள்ள வழக்கம் அது. வீட்டில் சோறு பொங்க அரிசி கழுவுகிற ஒவ்வொரு தடவையும் பெண்கள் அதில் ஒரு பிடி அள்ளித் தனிக் கலயத்தில் போடவேண்டும். வாரம் முழுக்கச் சேர்ந்ததைச் சின்னச் சுருக்குப்பையில் கட்டி ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கொண்டுபோய், முன்னால் வைத்திருக்கிற பெரிய ஓலைக் கடவத்தில் கொட்டவேண்டும். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் அதை ஏலம் விட்டு, காசு சபைக்கு. யாரும் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் பெண்கள் வரிசையாகப் போய்க் கொட்டும்போது பின்னால் நிற்கிறவள் கண்ணுக்கு எல்லாம் தெரியும். பை பெரிதாக இருந்தால் அந்த வீட்டில் மூன்று நேரமும் சோறு. சிறுத்தால் ஒரு நேரம். பை இல்லாமல் போனால், அந்த வீட்டில் வாரம் முழுக்க அரிசி கழுவவே இல்லை.

அதனால் நாங்கள் தின்னாத அரிசியை நான் விலைக்கு வாங்கினேன். பக்கத்து வீட்டு அக்கா, கணவன் இல்லாதவள், பனச்சமூட்டுக்கு அந்தப்புறம் தமிழ்நாட்டிலிருந்து அரிசியை மடியிலும் முதுகிலும் கட்டிச் சேலையால் மூடிக்கொண்டு கொண்டுவந்து விற்பாள். அந்தக் காலத்தில் அரிசியை எல்லை கடத்தக்கூடாது, செக்போஸ்டில் பிடிப்பார்கள். அவளிடம் வாரத்துக்கு ஒரு நாழி வாங்கி, என் சின்னப் பிள்ளைக்கு இரண்டு நாள் கஞ்சிக்கு எடுத்துவிட்டு, மீதியைச் சுருக்குப்பையில் போட்டு உத்தரத்தில் தொங்கவிடுவேன். பிள்ளை கீழே இருந்து அதைப் பார்த்து “சோறு, சோறு” என்று கை நீட்டும். அப்போதுதான் பேச்சு வந்த பிள்ளை.

நாத்தனார் சொல்வாள், “கொள்ளாம் மைனி. கர்த்தருக்குச் சோறு, நமக்குக் கெழங்கு.”

“மெல்லச் சொல்லு பிள்ளே.”

“அவருக்குக் கேட்டா என்னவாம்? அவருக்குத் தெரியாததா?”

பக்கத்து வீட்டு அக்காவுக்கும் தெரிந்துவிட்டது. அவள் பசுவுக்கு எங்கள் வீட்டுக் கழுநீர்தான் போகும். அரிசி கழுவாத வீட்டில் கழுநீர் ஏது? ஒரு நாள் வாளியோடு வந்து நின்றாள். “என்ன பிள்ளே, வெறும் பச்சத்தண்ணிய ஊத்தித் தாறா? எனக்க பசுவுக்குத் தெரியுது, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?” நான் அழுதேன். அவள் வெளியே யாரிடமும் விடவில்லை.

மாதங்கள் போயின. கல்யாணத்துக்கு நாள் குறிக்க வேண்டிய நேரம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தரகர் வந்து வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனார், பையனின் தாயும் அவளுடைய தங்கையும் நாளைக்கு மத்தியானத்துக்கு மேல் வருகிறார்களாம், வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நாள் குறிப்பார்களாம். அன்று வீட்டில் அரிசி என்று இருந்தது சுருக்குப்பையில் இருந்தது மட்டும். அது ஒரு ஆளுக்குக்கூடக் காணாது. அந்த வாரம் செக்போஸ்டில் கெடுபிடி. அக்கா வெறும் மடியோடு வந்திருந்தாள். யாரிடமாவது கடன் அரிசி கேட்கலாம் என்றால், கேட்ட அரை மணி நேரத்தில் அது சபை முழுக்கப் போகும்.

“நாளைக்கு ஏலத்தில நான் கூப்பிட்டு எடுத்துத் தாறேன்” என்றாள் அக்கா. “எனக்க பேரில எடுத்தா ஒருத்தனும் ஒண்ணும் நெனைக்கமாட்டான். அந்த செண்டுக் குப்பியத் தா. எல்லைக்கு அக்கரையில கொண்டுபோய் வித்துக் கணக்குத் தீத்துக்கிடுதேன்.”

மறுநாள் எங்கள் பையிலிருந்த அரிசியை நானே கடவத்தில் கொட்டினேன். ஆராதனை முடிந்து முற்றத்தில் ஏலம் தொடங்கியது. ஏலம் விடுகிறவர் கோயில்குட்டி, ஆலயத்தில் மணி அடிக்கிறவர். வேடிக்கையாகப் பேசுவார்.

“பிடியரிசி ஒரு தரம்! பச்சரிசி உண்டு, புழுங்கல் உண்டு, ரேஷன் உண்டு, செம்பா உண்டு. ஒரே சோத்தில ஏழு ருசியாக்கும்!”

பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள். வழக்கமாகச் சாயாக்கடைக்கு எடுக்கிறவர் கூட்டிக் கேட்டார். அவள் மறுபடியும் கூட்டினாள்.

“எலே, இன்னைக்கு அக்காவுக்க வீட்டில விருந்தோ?” என்றார் கோயில்குட்டி.

“ஓ. எனக்க கோழிக்குப் பெண்ணு பாக்க வாறாவ” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சாயாக்கடைக்காரரும் சிரித்து விட்டுக்கொடுத்தார். நான் சுவரோரமாகப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். சிரிக்கவேண்டும் என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

பிடியரிசியில் ஒரு குணம் உண்டு. பத்துப்பதினைந்து வீட்டு அரிசி அதில் கலந்திருக்கும். புதியது, பழையது, வெள்ளை, சிவப்பு. ஒன்று குழைந்து களியாகும்போது இன்னொன்று பல்லில் கல்லாக நிற்கும். எங்களுக்கு அது பெரிதில்லை. ஆனால் பெர்ஷியாக்காரன் வீட்டு விருந்தில் அந்தச் சோறு இருக்கக்கூடாது. அக்கா கொல்லைப்பக்கமாகக் கொண்டுவந்து தந்ததும் நானும் நாத்தனாரும் இரண்டு சுளகில் கொட்டிப் பொறுக்க உட்கார்ந்தோம். சிவப்பு ஒரு பக்கம், வெள்ளை ஒரு பக்கம், பச்சரிசி ஒரு பக்கம். நைலக்ஸ் புடவை கட்டியிருந்தாள் அவள். வியர்த்து ஒட்டியது.

“மைனி, இப்படிப் பொறுக்கினா அவிய ராச்சாப்பாட்டுக்குத்தான் ஒக்கும்.”

“பேசாதே. பொறுக்கு.”

சிவப்பு நாலு பேருக்குக் காணாது. வெள்ளையில் புழுங்கல் எது, ரேஷன் எது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. பிள்ளை வந்து சுளகில் கைவிட்டுக் கலக்கியது. மாமி நொடிக்கொரு தரம் வந்து “பஸ் வந்தாச்சா, பஸ் வந்தாச்சா” என்று கேட்டார். கடைசியில் சிவப்பைத் தள்ளிவிட்டு வெள்ளையை மட்டும் பொங்கினேன். வேகாத அரிசி வேகட்டும் என்று காத்தால் வெந்தது குழைகிறது. குழைகிறதே என்று இறக்கினால் வேகாதது அப்படியே நிற்கிறது. முட்டை விற்ற காசுக்கு வாங்கின சாளை மீன் குழம்பில் தேங்காயை நிறைய அரைத்து விட்டிருந்தேன். ஒரு சருவம் நிறையக் குழம்பு ஊற்றினால் மறைந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வந்தார்கள். பையனின் தாய் மெலிந்த பெண். கையெல்லாம் காய்த்திருந்தது. பாயில் உட்கார்ந்து முதல் வாய் எடுத்து வைத்தாள். மென்றாள். ஒரு நொடி நின்று மறுபடியும் மென்றாள். பிறகு தட்டில் ஒரு சோற்றை விரலுக்கிடையில் வைத்து நசுக்கினாள். நான் கதவு மறைவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சோறு கொள்ளாமா?” என்று மாமி கேட்டார்.

“கொள்ளாம், நல்லாருக்கு” என்றாள். ஒரு பருக்கை விடாமல் தின்றாள். மீனை மட்டும் தொடவில்லை.

கை கழுவப் போகிறேன் என்று எழுந்தவள் தட்டோடு அடுக்களைக்கு வந்தாள். பின்வாசலில் குவிந்து கிடந்த மரச்சீனித் தொலியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“பிள்ளே, எங்க சபையிலயும் பிடியரிசி ஏலம் உண்டு” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். “எனக்கக் கெட்டினவரு பனையில இருந்து விழுந்து செத்தப்பெறகு, அஞ்சு பிள்ளையளையும் இந்த அரிசியப் பொங்கியாக்கும் வளத்தேன். ஒரு வாய் வச்சா எனக்குத் தெரியாதா?”

 பட்ட பெண் இவள், இதை மூடிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“பயப்படாண்டாம். நான் ஒருத்தருக்கிட்டயும் சொல்லமாட்டேன். ஒண்ணு மட்டும் உள்ளதைச் சொல்லு. எனக்க மோனுக்கு விசா வருமா?”

“கொஞ்ச நாள் கழிஞ்சு…” என்றேன்.

“கொஞ்ச நாள்னா?”

நான் அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அவள் என் கையை எடுத்துவிட்டாள், கோபமாக இல்லை.

“நான் பட்டவ ஆனதினாலயாக்கும் சொல்லுதேன் மக்கா. ஒரு பட்டினிக்கு மேல இன்னொரு பட்டினியக் கொண்டு கெட்டிவைக்க எனக்குத் தைரியம் இல்ல. ஒனக்க நாத்தூனு நல்ல பிள்ளையாக்கும். அதுவும் எனக்குத் தெரியும்.” தட்டில் வைத்திருந்த மீன் துண்டை என் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு முன்பக்கம் போனாள்.

நாள் குறிக்கவில்லை. போதகரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்று சொல்லிப் புறப்பட்டார்கள். மாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பஸ் வரை கூடப் போய் வழியனுப்பிவிட்டு வந்தார். அந்த வாரத்திலேயே தரகர் வந்து, பையனுக்கு இப்போது வேண்டாமாம் என்றார். அவள் சொன்ன சொல்லைக் காத்தாள். பிடியரிசிக் கதை அவளால் வெளியே போகவில்லை. ஆனால் முறிந்த கல்யாணத்துக்குக் காரணம் இல்லாமல் ஊர் விடுமா? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். பெண்ணுக்கு ஏதோ நோய் என்றுகூடச் சொன்னார்கள். அதைவிட நாங்கள் பட்டினி என்று சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஒரு நேரம் சோறு நேரே பொங்கத் தெரியல்ல ஒனக்கு” என்றார் மாமி என்னிடம். அவ்வளவுதான். அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மறைப்பதற்கு இனி ஒன்றும் இல்லை என்றானதும் நாத்தனார் அண்டியாபீசுக்குப் போகத் தொடங்கினாள். யாரும் அவளைப் போ என்று சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில் பழைய பாவாடையைக் கட்டிக்கொண்டு, வழியில் போன பெண்களோடு சேர்ந்துகொண்டாள். நைலக்ஸ் புடவையை மடித்து என் பெட்டியில் வைத்திருந்தாள். மாமி பாயை விட்டு எழுந்திருக்கவில்லை.

ஒரு வருஷம் கழிந்து அவரிடமிருந்து பணம் வரத் தொடங்கியது. அதிகம் இல்லை, வந்தது. கூரைக்கு ஓடு போட்டோம். அவளுக்கு மறுபடியும் வரன் பார்த்தோம். வருகிறவர்கள் முதலில் அவள் கையைத்தான் பார்த்தார்கள். முந்திரித் தொலியின் எண்ணெய் பட்டுக் கறுத்த விரல் எத்தனை சோப்புப் போட்டாலும் வெளுக்காது. அப்புறம் அவளே, வேண்டாம் மைனி, என்னைக் கொண்டு நிறுத்தாதியுங்க என்று சொல்லிவிட்டாள்.

எனக்கு மறக்காதது அவளுடைய முதல் சம்பள நாள்தான். அரிசி வாங்கிக்கொண்டு வந்தாள். அன்று எல்லாருக்கும் சோறு. பிள்ளை வயிறு முட்டத் தின்றுவிட்டு அடுக்களையிலேயே தூங்கிப்போயிற்று. அவள் தட்டின் முன்னால் உட்கார்ந்து சோற்றில் கை வைத்தவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். குழம்பின் உப்பும் முளகும் எண்ணெயில் விரல் வெந்த இடத்தில் பட்டுவிட்டது.

“எரியுது மைனி. பெசைஞ்சு தாருங்க.”

நான் பிசைந்து உருட்டிக் கொடுத்தேன். பிள்ளைக்குக் கொடுப்பதுபோல அவள் வாயைத் திறந்தாள். இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்திருந்தாள். மாமி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நாலாவது உருண்டைக்கு, போதும், நாளைக்கு வச்சிருங்க என்றாள். நாளைக்கு அரிசி இருக்கிறது என்று சொன்னேன். அவள் கேட்கவில்லை. மீதியை மூடி வைத்தேன்.